சுரண்டக் கூடாத சுவர்

பின்னறைச் சுவரில் அடித்த பெயிண்ட் காயவே இல்லை. முன்னறை மறுநாளே காய்ந்துவிட்டது. இங்கே மட்டும் விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. போதாக்குறைக்கு, ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோனது போல ஒரு நாற்றம்.

அப்பா பேர்போன பெயிண்டர். அடுத்தவர் வீட்டில் பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்த பிறகுதான் கலரைத் தொடுவார். சொந்த வீட்டின் இந்த ஒரு சுவரில் மட்டும் வருஷா வருஷம் பழசின் மேலேயே அடிப்பார். ஏன் என்று கேட்டால், "சொன்னதைச் செய், பொடிசு. அதைச் சுரண்டாத" என்பார். பதினேழு வயதாகியும், அவரோடு ஏணியில் ஏறி வேலை பார்த்தும் அவள் பொடிசுதான்.

அக்காவைப் பற்றிக் கேட்டாலும் அவருக்கு அதே முகம்தான். "அவ ஓடிப் போயிட்டா. அந்தப் பேச்சை எடுக்காத." போகும்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, பொடிசுக்கு ஆறு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எங்கே ஓடும்? யார் தேடினார்கள்? ஒரு போட்டோ கூட மிச்சமில்லாமல் வீட்டைத் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் பொடிசுக்கு இன்றுவரை அடங்கவில்லை. அக்கா ஒருமுறை திரும்பி வந்தால் போதும், இவர்கள் முகத்திலேயே முழிக்க வேண்டாம் என்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. அப்பா வேலையிலிருந்து வரவில்லை, அம்மா சமையலறையில் இருந்தாள். ஒழுங்காகச் சுரண்டி அடித்தால் காயாமல் எங்கே போய்விடும் என்ற வீம்பில், பொடிசு பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்தாள்.

மஞ்சள் உரிந்தது, அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே அவளுக்கு நினைவே இல்லாத ஒரு நீலம். பூச்சு சுருள் சுருளாக மடியில் விழ விழ அந்த நாற்றம் தொண்டைவரை ஏறியது, கூரையில் மழை விடாமல் அடித்தது, அதற்குள்ளேயே இன்னொரு சத்தமும் கேட்டது. தகடு சுரண்டும்போது அதுவும் சுரண்டும், தகடு நின்றால் கொஞ்சம் தாமதித்து அதுவும் நிற்கும். எதிரொலி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகு அவள் நிறுத்தியும் அது நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சுரண்டினார்கள்.

எழுந்து ஓடியிருக்கலாம். தகட்டை மறுபடி வைத்து அழுத்தினாள். கடைசிப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து விழ, உள்ளே ஒரு மரக்கதவு தெரிந்தது.

"பொடிசு..."

அக்காவின் குரல். துளியும் மாறவில்லை.

"தள்ளுடி. கை வலிக்குது."

அழுகை பொங்கிவிட்டது. தள்ளினாள். உள்ளே அதே பின்னறை, இடம் வலம் மாறி. அந்த ஜன்னலுக்கு வெளியே மழை இல்லை. எதுவுமே இல்லை. நடுவில் அக்கா, அதே பன்னிரண்டு வயதில். விரல்களில் நகமே இல்லை.

அவளைத் தூக்க ஒரு காலை உள்ளே வைத்தாள் பொடிசு. தரை காலைப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை.

"அம்மா! அம்மா!"

அம்மா ஓடி வந்து மரக்கதவின் முன்னால் நின்றாள். அலறவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"உனக்குத் தெரியும். அப்படித்தானேம்மா?"

"தெரியும். உங்கப்பா குடும்பத்துல தலைமுறைக்கு ஒருத்தி உள்ள இருக்கணும். இல்லேன்னா இந்த வீடு யாரையும் விடாது."

"அடிப்பாவி! எங்களை இழு! ரெண்டு பேரையும் இழு!"

தரை அவளை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு தானாகவே மூடத் தொடங்கியது. இடுக்கு வழியாக இரண்டு கைகள் நீண்டன. ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

அம்மா இரண்டையும் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது.

"உன்னை இத்தனை வருஷம் வச்சிருந்தேன், கண்ணு. அவளை நான் வச்சுக்கவே இல்லையே."

சின்னக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. மழைச் சத்தம் அறுந்தது. பொடிசு கத்தினாள். குரல் அவள் காதுக்கே எட்டவில்லை.

பின்னால் ஏதோ அசைந்தது.

திரும்பினாள். சுவரோரம் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாக. எல்லாருக்கும் அப்பாவின் மூக்கு. ஒருத்தி மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, பக்கத்துத் தரையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, வா என்று தலையாட்டினாள்.