ஒன்பது மாவுருண்டைகள்

அம்மிக்குப் பின்னால் வைத்த மாவுருண்டையைக் காணவில்லை.

அன்னத்தாய் சிம்னி விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பார்த்தாள். கரப்பான் கொறிக்கும், சரி. கொட்டைப்பாக்கு அளவு உருண்டையைத் துணுக்குகூட மிச்சமில்லாமல் தின்னுமா என்ன?

போன வருஷம் வால்நட்சத்திரம் தெரிந்ததிலிருந்தே சீவலப்பேரியில் இந்த வீட்டைக் கரப்பான்கள் பிடித்துக்கொண்டன. அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் கடுகோ என்று ஏமாற்றும் எச்சம், சட்டி இடுக்குகளில் புளியங்கொட்டை நிறத்து முட்டைக்கூடு, எத்தனை மெழுகினாலும் துணிமணியில் ஏறிக்கொள்ளும் சிக்கு நாற்றம், விளக்கை அணைத்ததும் கூரையிலிருந்து இறங்கும் அந்தச் சரசரப்பு. வேப்பம்புகை போட்டாள். வசம்பை இடித்துத் தூவினாள். விரிசலையெல்லாம் சுண்ணாம்பு வைத்து அடைத்தாள். கரப்பான்கள் அதற்கெல்லாம் மசியவில்லை. மூன்று நாளைக்கு முன் எட்டு வயது மகள் கோமு உதடு வீங்கி எழுந்தாள். தூக்கத்தில் வாயோரத் தோலைக் கரப்பான் அரித்திருந்தது. அன்றே புருஷன் தில்லைநாயகத்தை நச்சரித்து டவுனிலிருந்து வெள்ளைப் பாஷாணம் வாங்கிவரச் செய்தாள்.

இன்று ஆடிச் செவ்வாய், ஔவையார் நோன்பு. ஆண்கள் கண்ணில் படாமல், வீட்டு நடுவிலுள்ள இருட்டறையான அரங்குக்குள் பெண்கள் மட்டும் உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துத் தின்னும் இரவு. அடுக்களையில் ஆள் இருக்காது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, நோன்பு மாவிலேயே ஒரு பிடி எடுத்துப் பாஷாணத்தோடு பிசைந்து, ஒன்பது உருண்டை பிடித்து மூலைக்கொன்றாக வைத்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. நோன்பு மாவில் கை வைத்தாள் என்று தெரிந்தால், புருஷனின் அக்கா வடிவம்மாள் வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள்.

இப்போது, தின்னும்போது விக்கிய கோமுவுக்குத் தண்ணீர் எடுக்கத்தான் வந்தாள்.

உறிக்குக் கீழே பார்த்தாள். இல்லை. விறகுக்கட்டுக்குப் பின்னால். இல்லை. உரலடியில், சாம்பல் குழியோரம், தண்ணீர்ப்பானை முக்காலிக்குக் கீழே. இல்லை.

கரப்பான்கள் மட்டும் இருந்தன. சுவரில், பானை விளிம்பில், மீசையை ஆட்டிக்கொண்டு. ஒன்றுகூடச் சாகவில்லை.

எலியா? ஒன்பதையுமா?

முக்காலியருகே சாணித் தரையில் வெள்ளையாக ஏதோ. குனிந்தாள். விரல் தடம். மாவு ஒட்டிய நான்கு விரல்கள்.

அவள் வாய்க்குள் இன்னும் கொழுக்கட்டையின் பசை இருந்தது. நான்கு தின்றிருந்தாள். செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

அரங்குக்குள் ஒற்றை அகல். பானையில் வைக்கோல் பரப்பி அவித்த ஆவியின் வாசம். அமைதியில் மெல்லும் சத்தம் மட்டும்.

"மதினி, அடுக்களையில கிடந்த உருண்டைய எடுத்தீயளா?"

"பின்ன?" வடிவம்மாள் நிமிரவில்லை. "மூலைக்கு மூலை உருட்டி வச்சிருக்க. தம்பி தண்ணி குடிக்க வந்து பாத்துட்டாம்னா நோம்பு என்னத்துக்கு ஆவும்? பொறுக்கிப் பானையில போட்டு அவிச்சிட்டேன்."

"எது... அது எது மதினி?"

"எல்லாம் ஒரே மாவுதான. கோமு, மிச்சம் வைக்கப்படாது. தின்னு தாயி."

"ஆறு தின்னுட்டேன்மா," என்றாள் கோமு.

அன்னத்தாய் அலறினாள். அலறல் பாதியில் நின்றது. வாயை ஒரு கை பொத்தியது. நெல் குத்திக் காய்த்த கை. மாவு ஒட்டிய கை.

"சத்தம் போடாத! ஆம்பள எந்திச்சு வந்துருவான்."

திமிறினாள். கை விடவில்லை.

விரல்களுக்கு மேலே இலை தெரிந்தது. இலையில் ஒரு கொழுக்கட்டை. அதனருகே ஒரு கரப்பான். மல்லாந்து கிடந்தது. கால்கள் மட்டும் காற்றில் சுற்றின.

கோமு அதை விரலால் சுண்டிவிட்டாள். கடைசிக் கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.