ஆள் இருந்தால் எரியும் விளக்கு

பெட்டிகள் சூடாக இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

பெரிய சர்வரை விற்றுத் தொலைத்துவிட்டு, பாடப் புத்தகம் அளவேயான மூன்று பழைய தின் கிளையண்ட் எனும் குட்டிக் கணினிப் பெட்டிகளில் அலுவலகத்தின் மொத்த நெட்வொர்க்கையும் ஓட்டிக் காட்டியவள் அவள். மாடி அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கஞ்ச மகாராணி'. சொல்லிவிட்டுப் போகட்டும். தேவையில்லாததைக் கழற்றிவிட்டால் சின்னப் பெட்டியும் மலையைச் சுமக்கும் என்பது அவள் கட்சி. பெட்டிகள் இருந்த ஜன்னலில்லாத கீழ்த்தள அறையின் விளக்குகூட, ஆள் இருந்தால் எரிந்து, இல்லாவிட்டால் தானே அணையும்படி அவள் மாட்டியதுதான்.

தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து எப்போதும் அங்கே தங்கியிருக்கும் வாசனை இந்தச் சாயங்காலம் இல்லை. பூட்டிக்கிடந்த வீட்டின் ஈரச்சுவர் வாசனை மட்டும் மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. திரையில் மூன்று பெட்டிகளின் வேலைச்சுமையும் பூஜ்யம். ஆனால் மாடியில் பிரிண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். பிரிண்டர் நிற்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது. மாடிக்குப் போன் போட்டாள்.

"நெட் வருதா?"

"பறக்குது மேடம்! என்ன பண்ணீங்க?" என்றார் கணக்காளர்.

 பயத்தைவிடக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்துப் பார்த்துக் கட்டியதை எவனோ நோகாமல் தூக்கிக்கொள்வதா?

"யாரா இருந்தாலும் சரி," உயிரில்லாத பெட்டிகளைப் பார்த்துச் சொன்னாள். "பெட்டியைக் கழட்டிட்டு ஓட்டுற. பெரிய ஆள்தான். எங்க, என்னைக் கழட்டிட்டு ஓட்டு பாக்கலாம்."

பிரிண்டர் நின்றது.

ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் எடுத்தாள்.

"கண்ணு, அம்மா வரக் கொஞ்சம் லேட்டாகும்."

"யாரு பேசுறது?"

"அம்மாதாண்டி!"

"எங்கம்மா இங்க எனக்குத் தலை வாரிட்டிருக்காங்க."

போனில் மகளுக்குப் பின்னால் ஒரு குரல். அவளுடைய குரல்.

"ராங் நம்பரா இருக்கும். வச்சிடு, செல்லம்."

போன் அடங்கியது.

"என் பிள்ளைடி அது! விடமாட்டேன்!"

கதவுக்குப் பாய்ந்தாள். விளக்கு அணைந்தது.

கையை வீசினாள். எரியவில்லை. குதித்தாள். எரியவில்லை.

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

மாடியில் பிரிண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. இருட்டில் ஒரு கையால் மறு கையைத் தொட்டாள். சூடாக இல்லை.

அந்தக் கையைத்தான் இன்னும் வீசிக்கொண்டிருந்தாள்.