உட்காரக் கூடாத நாற்காலி

“ஏங்க... ஏங்க! எந்திரிங்க முதல்ல!”

அவள் எழவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

மேடை போட்டு, சிவப்புக் கயிறு கட்டி, மேலே மூன்று விளக்குகளை எரியவிட்டு அந்த நாற்காலியைக் கண்காட்சிக் கூடத்தில் வைத்திருந்தார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய ஈரச் செருப்புத் தடம் வாசலிலிருந்து கயிற்றைத் தாண்டி மேடைவரை வந்திருந்தது. கூடத்துக் காவலாளி ஓடிவந்து எதிரே நின்றான். நீலச் சட்டை... கோபப்படத் தெரியாத கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் சொல்ல வந்தது அவளுக்கு மறந்துபோயிற்று. ஒரே ஒரு நொடிதான்.

“சேர்ல உட்கார்ந்தா தப்பா?”

“இது சேர் இல்லைங்க. கலைப்பொருள்.”

“அப்போ நாலு கால் எதுக்கு வெச்சிருக்கு?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டான். “கீழே பேர் போட்டிருக்கு பாருங்க. பெரிய டிசைனர்.”

“பார்த்தேன். பார்த்த கோபத்துலதான் உட்கார்ந்தேன். அவர் காகிதத்துல நாலு கோடு போட்டாரு, அவ்வளவுதான். பதினெட்டு நாள் இழைச்சு, கோர்த்து, தேய்ச்சது நான்!”

“எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் அந்தக் குதிரைச் சிலையே தன்னோடதுன்னு...”

சுருக்கென்றது அவளுக்கு. அப்பாவின் தச்சுப் பட்டறையில் அவளைச் ‘சிராய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குத்தித்தான் பழக்கம், குத்து வாங்கிப் பழக்கமில்லை.

“அடியில இடது பக்கம் பாருங்க. அவசரத்துல ஓட்டையைத் தப்பான இடத்துல போட்டுட்டேன். கறுப்பு மரத்துல நகம் அளவுக்கு ஒரு துண்டு சீவி அடைச்சேன். என்னையும் எங்கப்பாவையும் தவிர யாருக்கும் தெரியாது.”

“அதை நான் தொடக்கூடாதுங்க. நீங்களும்தான். வாங்க... வாசல் வரைக்கும் வர்றேன்.”

வெளியேற்றிவிட்டான்! மரியாதையாகத்தான்... ஆனாலும் வெளியேற்றிவிட்டான். வாசலில் பார்வையாளர் கருத்துப் புத்தகம் இருந்தது. பேனாவைப் பிடுங்காத குறையாக எடுத்து எழுதினாள்: ‘அந்த நாற்காலியைச் செய்தவள் நான். நம்பாதவர்கள் நேரில் வரவும்.’ கீழே பட்டறை முகவரி. குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. பெருக்குபவர்கள் போனதும் அவன் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, நாற்காலியின் அடியைப் பார்த்தான். இருந்தது... இடது பக்கம், கறுப்பாக, நகம் அளவுக்கு. மூன்று மாதமாகத் தினமும் எட்டு மணி நேரம் இதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். ஒரு நாளாவது குனிந்து பார்த்தானா? வெட்கமாக இருந்தது அவனுக்கு.

அன்று மாலையே பட்டறையில் வந்து நின்றான்.

“குடையை மறந்துட்டீங்க.”

“மறக்கலை. கோபத்துல விட்டுட்டு வந்தேன்.”

“அந்தத் துண்டைப் பார்த்துட்டேங்க. தரையில படுத்துப் பார்த்தேன். அன்னைக்கு நம்பாதது என் தப்பு.”

இப்படி நேராக மன்னிப்புக் கேட்டால் எப்படிச் சண்டை போடுவது? அவள் உளியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். உளி கையில்தான் இருந்தது.

அப்பா இழைப்பதை நிறுத்தினார். “தம்பி, அந்த டிசைனர் கொடுக்கிற வேலையிலதான் இந்தப் பட்டறையே ஓடுது. பேரு சோறு போடுமா? குடையைக் கொடுத்துட்டீங்கல்ல, கிளம்புங்க.”

“பேரில்லாத சோறு எனக்கு இறங்கலைப்பா.”

“வாயை மூடு, சிராய்!”

அவன் படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னான். “சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த டிசைனர் எங்க கூடத்துல பேசறாரு. யார் வேணும்னாலும் கேள்வி கேட்கலாம்.”

“நான் வந்தா மறுபடியும் வெளியே தள்ளுவீங்களா?”

“கயித்தைத் தாண்டினா... தள்ளித்தானே ஆகணும்?”

சிரித்துவிட்டுப் போனான். அன்று அவள் ஒரு பலகையை அளவுக்கு மேல் இழைத்துப் பாழாக்கினாள்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. “மரம் என்னோடு பேசியது... என் கைகள் அதைக் கேட்டன” என்றார் டிசைனர். அந்தக் கையில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து குரல் வந்தது. நீலச் சட்டைக் குரல்.

“சார், அடியில இடது பக்கம் கறுப்பா ஒரு மரத்துண்டு இருக்கே, அது எதுக்கு?”

“அப்படி எதுவும் கிடையாது!”

கூடத்து மேலாளர் அவனை முறைத்தார். அவ்வளவுதான்... அவள் கயிற்றைத் தாண்டினாள், நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். மூன்று விளக்கு வெளிச்சமும் அந்தக் கறுப்புத் துண்டின்மேல் விழுந்தது.

“ஓட்டை தப்பாப் போச்சு. அடைச்சேன். செஞ்சவளுக்குத்தானே தெரியும்?”

“இது... யார் வேணும்னாலும் இப்போ வந்து...” என்று இழுத்தார் டிசைனர்.

“அந்த ஓட்டைக்கு அன்னைக்கே அவளைத் திட்டினேன்.” வாசலில் அப்பா! சட்டையெல்லாம் மரத்தூள். “என் பொண்ணு செஞ்சது சார் இது. உங்க வேலை இனிமே எங்களுக்கு வேண்டாம். நாங்க வேற பார்த்துக்கறோம்.”

யார் முன்னாலும் அழாத சிராய், அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

அடுத்த வாரம் பெயர்ப்பலகையில் ‘செய்தவர்’ என்று இன்னொரு வரி ஏறியது. அவளுடைய முழுப்பெயர். கேள்வி கேட்டவனை மட்டும் வெளிக்கதவுக்கு மாற்றிவிட்டார்கள். சாரல் அடிக்கும் இடம்... நாள் முழுக்க நிற்க வேண்டும்.

மழையில் நனைந்தபடி அவள் வந்தாள். குடை இருந்தது. ஆனால் அது கையிலிருந்த புது நாற்காலிக்குப் பிடிக்கப்பட்டிருந்தது.

“உட்காருங்க.”

“டியூட்டியில உட்காரக் கூடாதுங்க.”

“அப்போ நாலு கால் எதுக்கு வெச்சிருக்கேன்?”

உட்கார்ந்தான். கை தானாக அடிப்பக்கம் போயிற்று. இடது ஓரத்தில் விரல் நின்றது. “மறுபடியும் ஓட்டையைத் தப்பா...?”

“இந்தத் தடவை தெரிஞ்சேதான் போட்டேன். நீங்க தேடுவீங்கன்னு.” அவள் அவனை நேராகப் பார்த்தாள். “நான் சொன்னதுக்காகத் தரையில படுத்துப் பார்த்த ஒரே ஆள் நீங்கதான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப. மழை விட்டதும் சொல்லலாம்னு இருந்தேன். விடற மாதிரி தெரியலை.”

உள்ளேயிருந்து மேலாளர் கத்தினார். “ஏய்! எந்திரி முதல்ல!”

“முடியாது சார். இது எனக்காகச் செஞ்சது!” உரக்கச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. “எனக்கும்தாங்க... அன்னைக்கு நீங்க எந்திரிக்காம உட்கார்ந்திருந்தீங்களே... அப்பவே.”

மேலாளர் வேகமாக வந்துகொண்டிருந்தார். அவன் எழவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.