ஆறாவது ஸ்பீக்கர்

வாங்கி வந்தது ஐந்து. போன் ஆறு காட்டியது.

ஹாலுக்கு இரண்டு, சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, வராந்தாவுக்கு ஒன்று. மகளின் அறைக்கு வேண்டாம் என்று கணவன் சொல்லிவிட்டான். போன் திரையில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பெயர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து அது இருக்கும் தூரம். ஆறாவதற்குப் பெயர் இல்லை. ஐந்து மீட்டர் என்று மட்டும் இருந்தது.

"என்னங்க, இதுல ஆறு இருக்கு."

டிவிக்குப் பின்னால் தலையை விட்டிருந்தவன் வெளியே வரவில்லை. "பக்கத்து வீட்டுக்காரரோடதா இருக்கும். அவருக்கும் சேர்த்துப் பாட்டுப் போட்டுட்டாப் போச்சு."

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து மூன்று மாதம்.

மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு அவள் அக்கா காரோடு தெருமுனையில் நிற்பாள். மகளைக் கூட்டிக்கொண்டு, கடைக்குப் போவதுபோல இறங்கிவிட வேண்டும். திரும்பி வரக் கூடாது. அக்காவிடம் இதைப் பேசியது நேற்று, சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, அரைக் குரலில். அப்போது அவன் ஆபீசில் இருந்தான். ராத்திரி தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "அக்கா எப்படி இருக்காங்க?"

இந்த ஐந்தையும் அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்தது இன்று காலை. அப்படியானால் நேற்று அவள் பேசியதை ஒட்டுக்கேட்டது ஆறாவது.

"போனை எடுத்துட்டு ரூம் ரூமா நட. சத்தம் வரும். அதுவே அளந்துக்கும்."

நடந்தாள். புதுப் பிளாஸ்டிக்கின் வாசனையும் சூடேறிய தூசியின் வாசனையும் வீடெங்கும் படர்ந்திருக்க, தரையோரம் ஓர் உறுமலாகத் தொடங்கி, சுவரைப் பிடித்து ஏறி, காதுக்குள் ஊசியாக நுழைந்து முடியும் அந்தச் சோதனை ஒலி அறைக்கு அறை தாவிக்கொண்டிருக்க, அவள் திரைச்சீலைகளை விலக்கினாள், அலமாரியின் மேல்தட்டைத் துழாவினாள், கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். பழைய செருப்பு ஒன்று கிடைத்தது.

திரையைப் பார்த்தாள். ஆறாவது: மூன்று மீட்டர்.

ஐந்தாக அல்லவா இருந்தது?

மறுபடி பார்த்தாள். நான்கு.

"தேடுறியா?" ஹாலிலிருந்து அவன் குரல்.

"என்னத்த?"

"நீதான் சொல்லணும்."

அவன் ஆம்ப்ளிஃபயரை விட்டு அசையவில்லை. அவள் ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பிளக்கைப் பிடுங்கினாள். சமையலறை. படுக்கையறை. வராந்தா. ஹாலில் இருந்த இரண்டையும் அவன் கண்ணெதிரிலேயே பிடுங்கினாள்.

"ஏன், என்னாச்சு?"

"தலை வலிக்குது."

அவன் சிரித்தான். "இப்பதானே ஆரம்பிச்சிருக்கோம்."

திரையில் ஐந்து பெயர்கள் மங்கின. ஆறாவது எரிந்துகொண்டிருந்தது. அதை அழுத்தினாள்.

ஒலி மகளின் அறையிலிருந்து வந்தது.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் படப் புத்தகம். கையில் பச்சைக் கலர் பென்சில். வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. உறுமல் தொண்டைக்குள்ளிருந்து கிளம்பியது, ஏறியது, ஊசியாகி நின்றது.

மகள் வாயை மூடிக்கொண்டாள்.

"கடைக்குப் போலாமாம்மா?"

கடை என்று அவள் மகளிடம் இதுவரை சொல்லியிருக்கவில்லை.

அள்ளித் தூக்கினாள். உடம்பு சூடாக இருந்தது. காய்ச்சலின் சூடு அல்ல. ஹாலைக் கடக்கும்போது அவன் தடுக்கவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பாத்துப் போ. படியில தண்ணி இருக்கு."

படி. முற்றம். கேட். தெருமுனையில் அக்காவின் கார், விளக்கு எரிய. கையில் போன். எட்டு மீட்டர். பத்து. பதினொன்று.

கேட்டைத் தாண்டினாள்.

தொடர்பு இல்லை.

மகளின் தலை தோளில் விழுந்தது. கை தொங்கியது. கழுத்தில் மூச்சு படவில்லை.

"பாப்பா."

உலுக்கினாள்.

"பாப்பா!"

ஓர் அடி பின்னால் வந்தாள். மூச்சு வந்தது. இமை அசைந்தது. காலை முன்னால் வைத்தாள். நின்றது. கன்னம் குளிர்ந்தது. பின்னால் வந்தாள். வந்தது.

அக்கா ஹாரன் அடித்தாள். கதவைத் திறந்து இறங்கி, வா வா என்று கையாட்டினாள்.

ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

அவள் காதோரம் மகளின் வாய் திறந்தது. உதடு அசையவில்லை. வந்தது அவன் குரல், நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

"கரண்ட் வீணாப் போகுது. உள்ள வர்றியா, ஆஃப் பண்ணிடவா?"