தடம் இல்லாத செருப்பு

ஆய்வுக்கூட வாசலில், சிமெண்டுத் தளத்தில் நின்ற விளக்குக் கம்பத்தில் மாசிலாமணியைக் கட்டி, முதலில் அவன் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு அடித்தார்கள். இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. உதட்டு ரத்தம் சட்டையில் ஒழுகியது.

விசாரணை என்ற பெயரில் இந்த நகரத்தில் இப்போது நடக்கிற அக்கிரமம் இதுதான். தாரில் உள்ள ஆஸ்பால்டீன் என்ற கருப்புப் பொருள் தெருவுக்குத் தெரு வேறு விதமாகத் திரண்டிருக்கும். செருப்பில் ஒட்டிய தாரை டொலுவீனில் கரைத்துத் 'தடங்காட்டி'க்குள் வைத்தால், காந்தப்புலத்தில் அது அதிரும் விதத்தைக் கொண்டு எந்தத் தெரு என்று கருவி சொல்லிவிடும். போலீஸுக்காகச் செய்த கருவி. ஊர்க்காரர்கள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட காவல் குழுக்களும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கையோடு தண்டனையும் கொடுத்துக்கொண்டிருந்தன.

கருவியைக் கண்டுபிடித்த பத்மாசனி ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள்.

"அவனை விடுங்க! கொலை நடந்த நேரத்துல இவன் என் லேப்ல தண்ணி கேன் மாட்டிட்டிருந்தான். நானே பார்த்தேன்."

"மனுஷன் பொய் சொல்வான், தார் பொய் சொல்லாது. டிவில நீங்க சொன்னதுதான் மேடம்," என்றான் குழுத் தலைவன் கஜேந்திரன். காலையில் பருத்திக்காரத் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டவர் அவனுடைய அண்ணன். அவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது. "அந்தத் தெரு தார் இருந்தா இவனை இங்கயே முடிச்சிடுவேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

இல்லாமல் எப்படிப் போகும்? அந்தத் தெருவுக்குத் தினமும் தண்ணீர் கேன் போடுகிறவன் அவன்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா," என்று மாசிலாமணி அழுதான்.

ஹெப்டேன் என்ற திரவத்தில் ஆஸ்பால்டீன் கரையாது. கட்டிதட்டி அடியில் படிந்துவிடும், அதிர்வும் கிடைக்காது. பத்மாசனி உள்ளே போய்ச் செருப்பைச் சுரண்டிக் கரைத்து, அதில் ஹெப்டேனைத் தாராளமாக ஊற்றினாள். மேலே தெளிந்ததை மட்டும் குப்பியில் எடுத்துவந்து எல்லார் முன்னாலும் கருவியில் வைத்தாள். திரை வெறுமையாக இருந்தது.

"பாருங்க, அந்தத் தெரு தார் இல்ல."

"எந்தத் தெரு தாருமே இல்லையே மேடம்," என்றான் கஜேந்திரன்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஊரெல்லாம் சுத்தறவன் செருப்புல தாரே இல்லன்னா என்ன அர்த்தம்? தடம் இல்லாத செருப்பு கழுவின செருப்பு, கழுவினவன்தான் குத்தவாளி. கருவி வாங்கினப்ப எங்களுக்கு நடத்தின பயிற்சியில நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

கம்பி இறங்கியது. மண்டை உடைகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயோ, அவன் கழுவல! நான்தான் மருந்து கலந்தேன்!" என்று கத்திக்கொண்டே குறுக்கே விழுந்தாள் பத்மாசனி. யாரோ அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். மூன்றாவது அடியில் மாசிலாமணியின் தலை தொங்கிவிட்டது.

கஜேந்திரன் மூச்சு வாங்கத் திரும்பினான். முகமெல்லாம் ரத்தத் துளிகள்.

"கூட்டாளியைக் காப்பாத்தக் கலந்தீங்களா? செருப்பைக் கழட்டுங்க."

ஆய்வுக்கு வைத்திருக்கும் தாரில் வெளித் தார் கலந்துவிடக்கூடாது என்று, தினமும் காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதே பத்மாசனி தன் செருப்பின் அடியை டொலுவீனால் துடைத்துவிடுவாள். இன்றைக்கும் துடைத்திருந்தாள்.