ஜெசிந்தா அக்காவின் இடது கை

காலை ஐந்தரை மணிக்கு, தூத்துக்குடி விளையாட்டரங்கின் உடைமாற்றும் அறையில் ஒன்பது பெண்கள் வரிசையாக நின்று, ஒருவர் முதுகில் மற்றவர் தூரிகையால் பூசிக்கொண்டிருந்தார்கள். டப்பாவில் அது கெட்டித் தயிர் போல வெள்ளையாக இருந்தது. தோலில் பட்ட நான்காவது நிமிடம் நிறம் வடிந்து கண்ணுக்குத் தெரியாமல் போனது. அரசாங்கத் தாள்களில் அதன் பெயர் புறப்படலம். ஊரில் எல்லோரும் சொல்வது தோல்சட்டை.

“இன்னைக்கு ரொம்ப இழுக்கு பிள்ள,” என்றார் ஜெசிந்தா, இடது கையை நீட்டி மடக்கியபடி. “சின்னதாப் போன ஜாக்கெட்ட மாட்டுன மாதிரி இருக்கு. இத எப்பதான் சரி பண்ணுவ?”

“அடுத்த கலவையில சரியாயிடும் அக்கா.”

“போன வருசமும் இதத்தான் சொன்ன.”

எழினி சிரித்து மழுப்பினாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கோவில்பட்டி ஆய்வகத்தில் தோல்சட்டையின் கலவையைத் தயாரிக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஆட்ட நாட்களில் படல ஆய்வாளராக மைதானத்துக்கும் வருவாள். ஜெசிந்தாவுக்கு எழுபத்து நான்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, மூன்று வருடத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். அணியில் யாரையும் பாட்டி என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். அதனால் எண்பத்திரண்டு வயது அபிநயாவும் எல்லோருக்கும் அக்காதான்.

எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் மாநிலக் கபடி இறுதிப் போட்டி அன்று. துறைமுகம் அணிக்கு எதிரே தேனி. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே விசில். அந்த நேரத்திலும் இருக்கைகளில் எட்டாயிரம் பேர்.

இருபது வருடத்துக்கு முன்பு இப்படி ஒரு போட்டியை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கால்களில் பலம் இருந்தது, மூச்சும் இருந்தது. தடுத்தது தோல். வயதாக ஆக மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்துவிடும். கட்டில் விளிம்பில் இடித்தாலே கிழியும். தோல்சட்டை வந்த பிறகு அந்தப் பயம் போனது. வெயிலும் கொசுவும்கூட அதைத் தாண்டவில்லை. தினமும் பழைய பூச்சின் மேலேயே புதுப்பூச்சு; வெளிப்பக்கம் தானாகத் தேய்ந்து உதிரும். உரிக்க மட்டும் கூடாது. உரித்தால் கூடவே தோலும் வந்துவிடும் என்று டப்பாவின் மேலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் போடச் சொன்னவள் எழினி. போட்டி விதிகளில் ஒன்பதாவதையும் அவளே எழுதினாள். படலம் கிழிந்தால் ஆட்டக்காரர் உடனே வெளியேற வேண்டும். ஆறு மாதம் களமிறங்கக் கூடாது. முதல் வருடப் போட்டியில் வளர்மதி என்ற எழுபத்திரண்டு வயதுக்காரரின் முன்கைத் தோல், படலத்தோடு சேர்ந்து, பிடித்தவரின் கையில் ஈரக் காகிதம் போல வந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆற ஐந்து மாதம் ஆயிற்று. வளர்மதி திரும்ப ஆட வரவே இல்லை. அன்று இரவே எழினி அந்த விதியை எழுதினாள்.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே ஒட்டி ஒட்டிப் போனது. கடைசி இரண்டு நிமிடத்தில் தேனி இருபத்தொன்பது, துறைமுகம் இருபத்தேழு. தேனியின் தலைவி சங்கவி ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு உள்ளே வந்தார். எழுபத்தொரு வயது, ஒட்டடைக்குச்சி போல உயரம். மூலைவரை போய்த் திரும்பியவரின் கணுக்காலை ஜெசிந்தா பாய்ந்து பிடித்தார். சங்கவி விழுந்த வேகத்தில் ஜெசிந்தாவின் இடது கையைப் பற்றி இழுத்து உருண்டார். பாட்டு நின்றது. துறைமுகத்துக்கு ஒரு புள்ளி. கூட்டம் எழுந்து கத்தியது.

அடுத்த கணம் சத்தம் அடங்கியது.

சங்கவியின் விரல்களில் கண்ணாடி போன்ற ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல்சட்டை மொத்தமாகக் கழன்று வந்திருந்தது.

“ஐயோ அக்கா, நான் வேணும்னு செய்யலக்கா!” சங்கவி மண்ணில் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தார். மருத்துவக் குழு கட்டுத் துணியோடு ஓடி வந்தது. எழினி அவர்களுக்கும் முன்னால் ஓடினாள். ரத்தத்தைப் பார்க்கத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டே ஓடினாள்.

ரத்தம் இல்லை.

ஜெசிந்தா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக வெயில் படாத கை வெளுத்திருந்தது. ஆனால் முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“என்ன பிள்ள இது? வலிக்கவே இல்லையே.”

நடுவர் நவநீதராஜ் அருகில் வந்தார். முப்பத்தைந்து வயது, விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். “மேடம், ஒன்பதாவது விதி. இவங்க வெளிய போகணும்.”

“ஒரு நிமிசம் சார்.”

“நேரத்தை நிறுத்தியிருக்கேன். பத்து நிமிசம்தான் தரலாம்.”

எழினி இடுப்புப் பையிலிருந்து தோல்மானியை எடுத்தாள். கட்டைவிரல் அளவுக் கருவி. தோலை மெல்ல உறிஞ்சிவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்லும். முப்பதுக்குக் கீழே என்றால் தோல்சட்டை கட்டாயம். படலத்தின் மேல் வைத்தால் அது படலத்தைத்தான் அளக்கும். அதனால் பூசத் தொடங்கிய பிறகு யாருடைய தோலையும் யாரும் அளந்ததில்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஜெசிந்தாவின் எண் பத்தொன்பது.

இப்போது திரையில் நாற்பத்தாறு என்று வந்தது.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அணைத்துத் திரும்பப் போட்டாள். மணிக்கட்டில் நாற்பத்து நான்கு. முழங்கைக்குக் கீழே நாற்பத்தேழு. தன் கையில் வைத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. கருவி சரியாகத்தான் இருந்தது.

“அக்கா, கையைத் தூக்குங்க. அக்குள் பக்கம் பூசுவீங்களா?”

“அங்க எதுக்குப் பூச? வேர்த்துக் கொட்டும்லா.”

பூசாத அந்த இடத்தில் கருவி இருபத்தொன்று காட்டியது.

ஒரே ஆள், ஒரே கை. பூசாத இடம் எழுபத்து நான்கு வயதில் இருந்தது. பூசிய இடம் ஐம்பதுக்குத் திரும்பியிருந்தது.

இழுப்பு! ஐந்து வருடத்துக்கு முன் கலவையில் பட்டுப் புரத இழைகளைச் சேர்த்தபோதுதான் அது ஆரம்பித்தது. காய்ந்ததும் இழைகள் ஒரு நூலளவு சுருங்கும். கையை அசைத்தால் நீளும், விட்டால் மறுபடி சுருங்கும். இழுக்கிறது, இழுக்கிறது என்று வந்த புகார்கள் ஆய்வகத்தில் மலையாகக் கிடந்தன. அதைப் போக்கத்தான் அவளும் குழுவும் ஐந்து வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தோலுக்குள் நார் நெய்யும் உயிரணுக்கள், தங்களை யாராவது இழுத்தால்தான் வேலை செய்யும். தோல் தொளதொளத்துப் போனால் அவையும் சும்மா உட்கார்ந்துவிடும். அவற்றைத் தோல்சட்டை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எழுந்திரு, நெய் என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

“அக்கா,” என்றாள். “இது உங்க தோல். உங்க சொந்தத் தோல் திரும்ப வளர்ந்திருக்கு.”

ஜெசிந்தா அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு நடுவரிடம் திரும்பினார். “அப்பம் நான் ஆடலாம்லா?”

“விதிப்படி முடியாதும்மா. அப்படி ஒண்ணு ஆடணும்னா ஆய்வாளர் எழுத்துல தரணும்.” நவநீதராஜ் எழினியைப் பார்த்தார். “ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும் மேடம். யோசிச்சுக்கோங்க.”

எழினி யோசித்தாள். வளர்மதியின் கை கண்முன் வந்தது. மூன்றே மூன்று அளவுகளை நம்பி, உலகத்தில் யாரும் இதுவரை பார்க்காத ஒன்றை நம்பி, எட்டாயிரம் பேர் முன்னால் கையெழுத்துப் போடுவது. ஆய்வகத்தில் என்றால் இதற்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்வாள்.

“வெளிய போனா ஆறு மாசம் பிள்ள,” என்றார் ஜெசிந்தா மெதுவாக. “எனக்கு எழுபத்து நாலு. ஆறு மாசத்த எங்கிட்ட இருந்து சும்மா எடுக்காத. கை என்னோடது. என்ன ஆனாலும் நான் பாத்துக்கிடுதேன்.”

மறுபடியும் கருவியை எடுத்துக் கை முழுக்க ஒன்பது இடங்களில் அளந்தாள். ஒன்றுகூட நாற்பதுக்குக் கீழே போகவில்லை. நடுவரின் பலகையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

“அந்த விதியை எழுதினது நான்தான் சார். இன்னைக்கு நானே மீறுறேன்.”

ஆட்டம் தொடர்ந்ததும் இரண்டு அணிகளும் ஆளுக்கொரு புள்ளி எடுத்தன; பிடிபட்டு வெளியே போயிருந்த சங்கவியும் தேனியின் புள்ளியில் திரும்ப உள்ளே வந்தார். இன்னும் நாற்பது விநாடி இருந்தது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த துறைமுகத்துக்குக் கடைசிப் பாட்டு. நடுக்கோட்டில் நின்று ஜெசிந்தா எதிரணியை நோக்கிக் கத்தினார். “ஏ சங்கவி! இந்தக் கையப் பாத்து யாராவது விட்டுக்கொடுத்தியன்னா, நான் உள்ள வரமாட்டேன். பிடிச்சா ஒழுங்காப் பிடிக்கணும்!”

சங்கவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாங்கக்கா. பிடிக்கிறோம்.”

ஜெசிந்தா மூச்சை இழுத்துப் பாடிக்கொண்டு நுழைந்தார். இடப்பக்கம் ஓர் உதை, வலப்பக்கம் ஒரு பாய்ச்சல். சங்கவியின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிய அந்த நொடியில், நீண்ட விரல்கள் அவருடைய வெறும் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. பின்னாலேயே மூன்று பேர் மேலே விழுந்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூச்சு முடிந்தது.

துறைமுகம் இரண்டு புள்ளியில் தோற்றது.

மண்ணிலிருந்து எழுந்த ஜெசிந்தா கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் சங்கவியின் நான்கு விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. கிழியவில்லை. எட்டாயிரம் பேரும் எழுந்து கத்தினார்கள். யார் ஜெயித்தது என்பதே சிறிது நேரம் யாருக்கும் நினைவில்லை. சங்கவி அந்தக் கையை விடவே இல்லை. “சூடா இருக்குதுக்கா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். “நெசமாவே சூடா இருக்குது.”

அரை மணி நேரத்தில் இரண்டு அணிகளும் எழினியின் முன்னால் வந்து நின்றன. முன்கையில் காசளவு இடத்தை மட்டும், தூரிகை கழுவும் கரைப்பானால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொருவராக அளந்தாள். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தாறு. எண் வரும்போதெல்லாம் ஒரு கூச்சல். அபிநயாவின் முறை வந்தபோது திரையில் இருபத்தாறு நின்றது. அவர் பட்டு இழை சேர்த்த புதுக் கலவைக்கு மாறியே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

“எனக்கு எவ்வளவு நாள் ஆகும்?” என்று கேட்டார்.

“சரியாத் தெரியலக்கா. ஒரு வருசம் ஆகலாம். இழுப்பைக் கொஞ்சம் கூட்டினா இன்னும் சீக்கிரம்.”

“அப்பக் கூட்டு. என்னால பொறுத்துக்க முடியும்.”

மதியம் ஆய்வக இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டார். காணொளி அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. “நம்ம பொருளையே கழற்றி வைக்கலாம்னு ஊருக்குச் சொல்லிட்டு வந்திருக்கே?”

“ஆமா சார்,” என்றாள் எழினி. “கால் ஒடிஞ்சவங்களுக்குக் கட்டுப் போடுறோம். கூடினதும் பிரிச்சிடுறோம் இல்லையா?”

இயக்குநர் கேட்டார். “எல்லா அளவுகளையும் குறிச்சு வெச்சிருக்கியா?”

“பதினெட்டு பேரோடதும் இருக்கு சார்.”

“சரி. நாளைக்குப் பேசுவோம். இழுப்பை நிறுத்துற வேலையை மட்டும் இன்னைக்கே நிறுத்தச் சொல்றேன்.”

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் தொலைபேசி. ஜெசிந்தா. எடுத்ததுமே கத்தினார். “எழினி, கடிச்சிட்டு பிள்ள, கடிச்சிட்டு!”

எழினி பதறி எழுந்தாள். “எது அக்கா? நாயா?”

“கொசு! இடது கையில. பதினோரு வருசமா ஒரு கொசுவும் என்னச் சீண்டுனதில்ல. தடிச்சு, சின்ன நெல்லிக்காய் மாதிரி நிக்கி.”

“சொறியாதீங்க அக்கா! தயவுசெஞ்சு சொறியாதீங்க.”

“சொறிஞ்சிட்டேன். நல்லாச் சொறிஞ்சிட்டேன்.” அவர் சிரித்த சிரிப்பில் வார்த்தை தடுமாறியது. “ஒண்ணும் ஆகல பிள்ள. ஒரு துளி ரத்தம் வரல. இப்படி ஒரு சொகம் இருந்ததே மறந்து போச்சு. சரி, வலது கைய எப்பம் உரிக்க?”

“முழுக்கைச் சட்டை போட்டுட்டு நிழல்ல உக்காருங்க,” என்றாள் எழினி, ஒரு கையால் கருவியைப் பையில் போட்டபடி. “இப்பவே கிளம்புறேன்.”