நம்மூர் ரிங்

கணவனுக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு போனைக் காதிலிருந்து எடுக்கப்போன கலைமதி, எடுக்காமல் அப்படியே நின்றாள். ரிங் மாறியிருந்தது.

கம்பெனி டிரெயினிங்குக்காகப் பகலவன் கொரியாவுக்குப் போனதிலிருந்து, அவன் நம்பரைப் போட்டால் அந்த நாட்டு ரிங்தான் கேட்கும். ஒற்றையாக நீளமாக இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். சிம் நம்ம ஊருடையது. ரோமிங்கில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துப் பேசினால் காசைப் பிடுங்கிவிடும் என்பதால் இருவருமே எடுப்பதில்லை. மிஸ்டு கால் பார்த்ததும் வைஃபை இருக்கிற இடத்துக்குப் போய் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வார்கள். "இன்னாம்மா, உங்க ஆளு மிஸ்டு கால்லயே குடும்பம் நடத்துறாரா?" என்று ஹவுஸ் ஓனர் சந்திரம்மாள்கூடக் கிண்டலடிப்பாள்.

இன்றைக்கோ டிரிங்-டிரிங், டிரிங்-டிரிங் என்று இரட்டை இரட்டையாக அடித்தது. பக்கத்தில் படப்பையிலோ ஒரகடத்திலோ இருக்கிற ஆளைக் கூப்பிட்டால் கேட்கிற ரிங்.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டானா? நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் இன்னும் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. சேரப்பணஞ்சேரி வானம் மழைக்குக் கறுத்துக் கிடந்தது. ஜன்னல் வழியே ஈரமண் வாசனையும் எங்கோ குப்பை எரிகிற புகையும் கலந்து வர, மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் சமையலறைத் தட்டுகள் மெல்ல அதிர்ந்து அடங்கின. நாலு வயது மகள் நிலா, பின்கதவை ஒட்டிய அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கையில் போன் துடித்தது. 'பகல்' என்று வந்தது. ஒரே ரிங். கட்.

உள்ளூரில் வேலை பார்த்த காலத்து வழக்கம் அது. கம்பெனி பஸ்ஸை விட்டு மெயின் ரோட்டில் இறங்கியதும் ஒரு மிஸ்டு கால். அவள் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். தெருமுனையில் இன்னொன்று. வாசலுக்கு வந்ததும் கடைசி. அதற்குள் தாழ்ப்பாள் திறந்திருக்கும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தெருநாய்கள்கூட இல்லை.

கொரியாவில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜெபகுமாரை வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"ஜெபா, உங்க அண்ணன் ஊருக்குக் கிளம்பிட்டாரா? மறைக்காம சொல்லு."

"இன்னா அண்ணி, காமெடி பண்றீங்களா? எதிர் கட்டில்ல குறட்டை விட்டுகினு கீறாரு. நைட் ஷிஃப்ட்டு வேற, எழுப்பணும்."

"அவரு போன்ல டவர் கீதான்னு பாரு."

அந்தப் பக்கம் நடக்கிற சத்தம். "நோ சர்வீஸ்னு வருது அண்ணி. மத்தியானம் ஃபுல்லா இருந்துச்சே."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் காதில் பீப் அடித்தது. இன்னொரு அழைப்பு. 'பகல்'. ஒரே ரிங். கட்.

தெருமுனை.

"ஜெபா! இப்ப அந்தப் போன்லருந்து யாரு எனக்குப் போட்டது?"

"என் கையிலதான் அண்ணி கீது. யாரும் தொடவே இல்ல." ஜெபகுமாரின் குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "அண்ணே... அண்ணே, எழுந்திரு. அண்ணே! அண்ணி, குறட்டை நின்னுட்ச்சி. உடம்பு ஜில்லுனு கீது..."

"மூச்சு?"

"கீது. கொஞ்சமா கீது. டேய், யாராவது ஆம்புலன்ஸுக்குப் போடுங்கடா!"

வெளியே சத்தம் கேட்டது. கம்பெனி சேஃப்டி ஷூ தரையில் பதிகிற, இரும்பு முனை வைத்த கனமான சத்தம். அவசரமில்லாமல் வந்தது. வாசலில் நின்றது.

பீப். 'பகல்'. கட்.

பழக்கதோஷத்தில் அவள் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. தொட்டதும் சுரீர் என்றது. இரும்பு ஐஸாக இருந்தது. கதவிடுக்கு வழியாக மெஷின் ஆயில் வாசனை வந்தது. ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் சட்டையில் இருக்கிற அதே வாசனை. எத்தனை மாலைகள் இந்த வாசனைக்காக ஏங்கியிருக்கிறாள்!

கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே வந்துவிட்டால் வந்ததுதான், திரும்பிப் போக முடியாது. வாசலிலேயே நிறுத்தினால்? மூச்சு இன்னும் அங்கேதானே இருக்கிறது?

"இன்னாங்க," கதவில் நெற்றியை வைத்துச் சொன்னாள். "உள்ள வராதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். ஜெபா கிட்டப் போங்க. அங்க போய்க் கண்ணு முழிங்க."

மறுபுறம் மரத்தில் ஏதோ உரசியது. நகமா, விரலா. பிறகு ஷூ சத்தம் திரும்பியது. நகர்ந்தது.

"அண்ணி!" ஜெபகுமார் கத்தினான். "டவர் வருது அண்ணி! ஒரு கோடு... ரெண்டு... அண்ணன் வெரலு அசையுது!"

கலைமதி கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. போகிறான். திரும்பிப் போகிறான்.

ஷூ சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

தெருப் பக்கம் அல்ல.

சுவரோரமாக. பக்கத்துச் சந்து வழியாக. வீட்டைச் சுற்றி. பின்பக்கமாக.

கிண்ணங்கள் சரிந்து விழுந்தன.

"அப்பா!"

"நிலா! திறக்காதடீ!"

எழுந்தாள். ஓடினாள். கால் இடறியது.

பின்கதவுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம்.

"போச்சி அண்ணி..." போனுக்குள் ஜெபகுமார் தேம்பினான். "டவர் போச்சி. அண்ணன்..."



பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. குழந்தை தரையில் இல்லை. ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில், ஒன்றுமே இல்லாத காற்றில், கால்கள் தொங்கத் தொங்க இருந்தாள். எதையோ கட்டிக்கொண்டிருந்த கைகள். எதன்மேலோ அழுந்திய கன்னம்.

"அம்மா, அப்பா இன்னாம்மா பேச மாட்றாரு?"

நிலாவின் முதுகில், கவுன் துணியில், ஐந்து விரல்கள் பதிகிற குழிகள் விழுந்தன. மறைந்தன. மறுபடி விழுந்தன. தட்டிக்கொடுப்பது போல. மெதுவாக. மிக மெதுவாக.